டிப்பர் போனாலும் கூவும் சில்லு

சென்ற மாதம் திருகோணமலை உப்புவெளியில் ஓர் உயர்தர மாணவனின் வீட்டு மாடியில், படிக்கும் மேசையில் இருந்த, அசைவை அளக்கும் ஆர்முடுகல்மானிச் சில்லு பின்னிரவில் ஒலியெழுப்பியது. அவன் எழுதிய நிரல் அதே கணத்தில் அயலவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு 'நிலநடுக்கம்' என்று செய்தி அனுப்ப, மூன்று குடும்பங்கள் உறங்கிய பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு சுனாமிக்கு அஞ்சிக் கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் கன்னியாப் பக்கம் புறப்பட்டன. வீதியால் போனது ஒரு மணல் டிப்பர். இலத்திரனியல் திருத்தகம் நடத்திக்கொண்டு மாணவர்களின் செயற்றிட்டங்களுக்கும் உதவிவரும் எனக்கு இது இவ்வாண்டில் மூன்றாவது முறைப்பாடு.

அந்த மாணவனைக் குறைகூற மாட்டேன். அவன் பற்றாசு பிடித்த நேர்த்தி என் கடைப் பையன்களுக்கு வராது. என்னைச் சலிப்படையச் செய்வது, "சேர், இது பதினாறு பிற்று, ஒரு ஜியைப் பதினாறாயிரம் பங்காகப் பிரிக்கும், சுமாத்திராவில் அசைந்தாலும் தெரியும்" என்ற நம்பிக்கைதான். (ஜி என்பது புவியீர்ப்பு ஆர்முடுகல்.) நுண்ணிய படிகளாகப் பிரிப்பது வேறு, நுண்ணிய அசைவை உணர்வது வேறு. அவன் பயன்படுத்திய எம்.பி.யூ. 6050 சில்லின் தரவுத்தாள் ஒரு ஹேர்ட்ஸின் வர்க்கமூலத்துக்கு 400 மைக்ரோ ஜி இரைச்சலை, அதாவது அசைவே இல்லாதபோதும் சில்லு காட்டும் ஏற்றத்தாழ்வை, தருகிறது. 50 ஹேர்ட்ஸ் பட்டையகலத்தில் அது ஏறத்தாழ 2.8 மில்லி ஜி ஆகும். அந்த அளவு அதிர்வைச் சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதரே உணர்ந்துவிடுவார்.

2004 டிசம்பர் 26 இல் 9.1 அளவிலான நடுக்கம் இங்கிருந்து சுமார் 1700 கிலோமீற்றருக்கு அப்பால் நிகழ்ந்தது. அத்தகைய தொலைதூர நடுக்கத்தின் மேற்பரப்பு அலை நிலத்தை மெதுவாக, சில சென்ரிமீற்றர் உயர்த்தித் தாழ்த்தும். வீச்சம் 4 சென்ரிமீற்றர், அலைவுகாலம் 25 செக்கன் என்று வைத்து உயர்தரப் பௌதிகவியல் சூத்திரத்திலேயே கணக்கிட்டுப் பாருங்கள்: உச்ச ஆர்முடுகல் 0.26 மில்லி ஜி மட்டுமே, அதாவது சில்லின் இரைச்சலில் பத்தில் ஒரு பங்கு. வடிகட்டிப் பிரித்தெடுக்கலாம் என்பார்கள். ஆனால் அவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணில் மின்விசிறிக் காற்றால் மாறும் வெப்பநிலையே சில்லின் பூச்சிய அளவீட்டை நகர்த்திவிடும். கண்டிக்கு அருகே பல்லேகலை நிலையத்தில் இருப்பது இந்த மெதுவான அசைவுக்கென்றே அமைந்த அகல்பட்டை நிலநடுக்கமானி. அதனோடு கடைச் சில்லை ஒப்பிடுவது தராசுக்கும் தங்கத் தராசுக்கும் உள்ள வேறுபாட்டை மறப்பதாகும்.

மலிவான சில்லு பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அருகில் எழும் வலுவான அதிர்வை அது நன்றாகவே பதியும். கைத்தொலைபேசிக்குள் இருக்கும் சில்லுகளைக் கொண்டே கலிபோர்னியாவில் 2016 இல் 'மைஷேக்' செயலி தொடங்கப்பட்டது. அங்கும் ஒரு தொலைபேசியின் சொல்லை எவரும் நம்புவதில்லை. ஒரே பகுதியில் பல கருவிகள் ஒரே வேளையில் அசைந்தனவா என்றே பார்க்கிறார்கள்.

எனவே, செய்ய விரும்பும் பிள்ளைகளே, மேசையையும் மாடியையும் விடுங்கள். கீழ்த்தளக் கொங்கிறீற்றில் திருகாணியால் இறுக்குங்கள். நேரத்தை இணையக் கடிகாரத்தோடு பொருத்துங்கள், இல்லாவிட்டால் இரு வீடுகளின் பதிவுகளை ஒப்பிடவே முடியாது. எச்சரிக்கைக்கு ஒற்றை எல்லைப் பெறுமானத்தை வைக்காமல், அதிர்வின் குறுகிய நேரச் சராசரியை நீண்ட நேரச் சராசரியால் வகுத்து, அந்த விகிதம் திடீரென உயர்கிறதா என்று பாருங்கள். பணம் இருந்தால் ஏ.டி.எக்ஸ்.எல். 355 என்ற ஆர்முடுகல்மானிச் சில்லை வாங்குங்கள், அதன் இரைச்சல் பதினேழு, பதினெட்டு மடங்கு குறைவு. சைரனையும் வாட்ஸ்அப்பையும் தயவுசெய்து அதில் இணைக்க வேண்டாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கரையில் நிற்கும்போது நிலம் பலமாக, நீண்ட நேரம் குலுங்கினால் எந்தக் கருவிக்கும் காத்திராமல் மேட்டுக்குப் போங்கள். ஆனால் சுமாத்திராவில் இருந்து வரும் சுனாமி அலைக்கு அப்படியொரு குலுக்கத்தை இங்கே எதிர்பார்க்க முடியாது. அது வந்துசேர ஏறத்தாழ 2 மணி நேரம் ஆகும், அந்த இடைவெளியில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைத்தான் கேட்க வேண்டும். ஐயமிருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஐ அழையுங்கள், மேல்மாடிப் பையனை எழுப்பாதீர்கள்.