கதிரலை

பெயர்ச்சொல். ரேடியோ அலை என்பதற்கு இணையான தமிழ்ச்சொல். வானொலி அலை என்றும் சிலர் எழுதுவார்கள். அதில்தான் எனக்குச் சிக்கல்.

முதலில் மூலத்தைப் பார்த்துவிடலாம். ரேடியோ என்பதன் வேர், லத்தீன் மொழியின் ‘ராடியுஸ்’. கோல், சக்கரத்தின் ஆரக்கால், ஒளிக்கதிர், நெசவாளரின் நாடா என்று அதற்குப் பல பொருள். புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்தவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். சைக்கிள் ஸ்போக்கும் ‘ரேயோன்’, வெயிலின் கதிரும் ‘ரேயோன்’, வட்டத்தின் ஆரமும் ‘ரேயோன்’ என்பார். அதுவும் ராடியுஸின் வழிவந்த சொல்தான். நடுவிலிருந்து நாலாபக்கமும் பிரிந்து போவது என்பதே அடிப்படைக் கருத்து. கம்பியில்லாத் தந்தி வந்த காலத்தில் அதன் பெயரோடு ஒட்டிக்கொண்ட இந்தச் சொல், அப்புறம் தனியாகப் பிரிந்து, வீட்டில் பாடும் பெட்டிக்கும் பெயராகிவிட்டது. நாம் அந்தப் பெட்டிக்கு வானொலி என்று அழகாகப் பெயர் வைத்தோம். பெட்டிக்குப் பொருந்தும். அலைக்குப் பொருந்தாது, ஏனென்றால் அந்த அலையில் ஒலியே கிடையாது. அது ஒளியின் இனம். வேகமும் ஒளியின் வேகமே. புதுச்சேரி எஃப்.எம். வரும் 102.8 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளியிலோ அது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. வேறுபாடு அவ்வளவுதான்.

நிலையமே இல்லாமலும் இந்த அலை பிறக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கடலூர்ப் பக்கம் இடி மின்னலோடு மழை பிடிக்கும்போது மீடியம் வேவ் வைத்துக் கேட்டவர்களுக்கு அந்தக் ‘கரகர’ தெரியும். மின்னல் வெட்டும்போது காற்றில் மின்னோட்டம் சட்டென்று எகிறுகிறது. அந்த உலுக்கலில் கிளம்பும் கதிரலைதான் அது. மின்னூட்டம் உள்ள துகள் வேகம் மாறினாலும் திசை மாறினாலும் அலையை வீசும். விண்வெளியிலும் பெரும்பாலும் இதே விதிதான்.

இந்தக் கரகரப்பைத் துரத்திப் போனபோதுதான் விண்வெளி அலை அகப்பட்டது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கார்ல் ஜான்ஸ்கி, தொலைபேசிப் பேச்சைக் கெடுக்கும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று 20.5 மெகாஹெர்ட்ஸில் தேடினார். பக்கத்து இடி ஒன்று, தூரத்து இடி ஒன்று. மூன்றாவதாக, விடாமல் ஒரு சீறல். அது உச்சத்துக்கு வரும் நேரம் தினமும் 4 நிமிடம் முந்திக்கொண்டே போனது. நட்சத்திரங்கள் உதிக்கும் கணக்கும் அதேதான்! சீறல் வருவது தனுசு ராசிப் பக்கம், பால்வெளியின் நடுவிலிருந்து என்று 1933-இல் அறிவித்தார்.

அங்கே சீறுவது எலக்ட்ரான்கள். வெடித்துச் சிதறிய நட்சத்திரங்களின் மிச்சங்களில் ஒளியின் வேகத்தை நெருங்குமளவு முடுக்கப்பட்டவை, பால்வெளியின் காந்தப்புலத்தில் சிக்கிச் சுருள் சுருளாகச் சுற்றுகின்றன. சுற்றும்போது திசை ஓயாமல் மாறுவதால் அலையும் ஓயாமல் கிளம்புகிறது. இதற்கு சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சு என்று பெயர். இந்த ஒளியை முதலில் கண்ணால் கண்டது வானத்தில் அல்ல, 1947-இல் சிங்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கி எந்திரத்தில். எந்திரத்தின் பெயரே வானத்துக்கும் போய்விட்டது.

வியாழன் கோளும் கதிரலை வீசும், 1955-இல் தெரிந்தது. அதன் துணைக்கோள் அயோ சுற்றிவரும்போது கிளப்பிவிடும் எலக்ட்ரான்கள், வியாழனின் காந்தப்புலக் கோடுகள் வழியே பாய்ந்து அலையை எழுப்புகின்றன. 20 மெகாஹெர்ட்ஸ் அருகே எடுக்கும் ஷார்ட்வேவ் பெட்டியும் நல்ல ஆன்டெனாவும் இருந்தால், கூடவே நேரமும் வாய்த்தால், நாமே கேட்கலாம். கடற்கரைச் சாலைப் பாறைகளில் அலை மோதுவது போலவே இருக்கும். அந்த ஓசையை உண்டாக்குவது நம் பெட்டி. வியாழன் அனுப்புவது அலையை மட்டும்.

ஹைட்ரஜன் மட்டும் தனி ரகம். அதன் எலக்ட்ரானின் தற்சுழற்சி தலைகீழாகத் திரும்பும்போது 21 சென்டிமீட்டர் அலை வெளிவரும். தானாகத் திரும்ப ஓர் அணுவுக்குச் சராசரியாக ஒரு கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். ஆனால் பால்வெளியில் ஹைட்ரஜனுக்கா பஞ்சம்? 1951-இல் பிடித்துவிட்டார்கள்.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? பள்ளிப் புத்தகத்தில் இருப்பது ரேடியோ அலை, தவறில்லை. வானலை என்பதும் புழக்கத்தில் உண்டு, ஆனால் அது ஒலிபரப்பையே நினைவூட்டுகிறது. என் ஓட்டு கதிரலைக்கு. ராடியுஸ் போலவே ‘கதிர்’ என்பதும் ஒளியைக் குறிக்கும், நூல் நூற்கும் கோலையும் குறிக்கும். தொடர்ச்சொற்களும் எளிதாக வந்துவிடும்: கதிரலை வானியல், கதிரலைத் தொலைநோக்கி.

பயன்பாடு: ஊட்டி அருகே முத்தொரையில் 530 மீட்டர் நீளமுள்ள கதிரலைத் தொலைநோக்கி 1970 முதல் இயங்குகிறது. அதைத் தாங்கும் மலைச்சரிவின் சாய்வு சுமார் 11 பாகை. ஊட்டியின் அட்சரேகையும் ஏறக்குறைய அதே. அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்து, ஒரே அச்சில் திருப்பினாலே வானத்து மூலத்தை மணிக்கணக்கில் பின்தொடர முடிகிறது.