அந்த வட்டங்களை நான் அழிக்கச் சொன்னேன்

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை உயர்தொழில்நுட்ப ஆய்வகத்திற்கு அழைத்துச் சென்று, ஜியோஜிப்ரா என்ற வடிவியல் மென்பொருளில் ஒரு சதுரம் அமைக்கச் சொல்வது என் வழக்கம். நிபந்தனை ஒன்றுதான்: எந்த முனையைப் பிடித்து இழுத்தாலும் அது சதுரமாகவே இருக்க வேண்டும். கண்ணளவில் நான்கு புள்ளிகளை வைத்து இணைத்தால் பார்ப்பதற்குச் சதுரமாகத்தான் தெரியும். ஒரு முனையை இழுத்தவுடன் அது குலைந்து ஏதோ ஒரு நாற்கரமாகிவிடும். ஏன் குலைந்தது என்று மாணவர் கேட்கத் தொடங்கும் இடத்தில்தான் அன்றைய பாடம் தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி திரை முழுக்க வட்டங்களாக வரைந்துகொண்டிருந்தாள். வடிவியல் பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்தே கவராயத்தால் ஆறிதழ்ப் பூ வரைந்து பழகியவர்கள் நம் பிள்ளைகள். இவளும் அதைத்தான் செய்கிறாள் என்று எண்ணி, "பூ போதும்மா, சதுரத்தைப் பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த கணினிக்குப் போய்விட்டேன். அவள் மறுபேச்சின்றி எல்லாவற்றையும் அழித்தாள். வகுப்பு முடியும்போது அவள் திரையில் இருந்தது, கட்டங்களை எண்ணிப் புள்ளி வைத்த, இழுத்தால் குலைகிற சதுரம். மறுநாள் விசாரித்தபோது, "கவராயத்துல அளவெடுத்து வைக்கிற மாதிரி, வட்டம் போட்டா பக்கம் மாறாதுன்னு நினைச்சேன் சார்" என்றாள். சம நீளத்தை வட்டத்தின் ஆரமாகப் பிடித்து வைப்பது பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் 'எலிமெண்ட்ஸ்' வடிவியல் தொகுப்பில், முதல் நூலின் முதல் கூற்றிலேயே வரும் உத்தி. அவளாகக் கண்டடைந்த அதை அழிக்கச் சொன்னவன் நான்.

அருகில் நின்று பார்த்த, பல ஆண்டுகள் பாடம் நடத்திய ஓர் ஆசிரியருக்கே திரையை வைத்து ஒரு குழந்தையின் நோக்கத்தைப் படிக்க முடியவில்லை. அப்படியிருக்க, செயற்கை நுண்ணறிவு உங்கள் பிள்ளைக்குத் தனி ஆசிரியராக இருக்கும் என்ற விளம்பரங்களோடு மென்பொருள்கள் பள்ளிகளின் வாசலுக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவற்றை வாங்கும் நிர்வாகிகளும் பெற்றோரும் இந்தச் சிக்கலை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மாணவரே பாதையைத் தேர்ந்தெடுத்து, செய்து பார்த்துக் கற்கும் கணினிச் சூழல்கள் புதியவை அல்ல. 1967இல் சீமர் பாப்பர்ட், வாலி ஃபியூர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோர் குழந்தைகளுக்காக உருவாக்கிய லோகோ நிரல்மொழி முதல், 2001இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் தொடங்கிய ஜியோஜிப்ரா, 2007இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் வெளியிட்ட, குழந்தைகளுக்கான ஸ்க்ராட்ச் நிரல்மொழி வரை அவற்றுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆனால் கருவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டால் போதாது. வழிகாட்டல் குறைந்த கற்பித்தல், குறிப்பாகத் தொடக்கநிலை மாணவர்களுக்கு, பலன் தருவதில்லை என்று 2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் எழுதிய கட்டுரை இன்றும் விவாதிக்கப்படுகிறது. உதவி வேண்டும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. எந்த உதவி, எந்த நேரத்தில் என்பதுதான் கடினமான கேள்வி.

தீக்குச்சிகளால் ஒட்டி ஒட்டிச் சதுரங்கள் அடுக்கும் கணக்கை எடுத்துக்கொள்வோம். n சதுரங்களுக்கு எத்தனை குச்சிகள்? ஒரு பிள்ளை முதல் குச்சியைத் தனியே வைத்து, பிறகு மூன்று மூன்றாகச் சேர்த்து 3n+1 என்பாள். இன்னொருவன் முழுச் சதுரம் ஒன்றில் தொடங்கி 4+3(n-1) என்பான். மேல் வரிசை, கீழ் வரிசை, நிற்கும் குச்சிகள் என்று பிரித்துப் பார்ப்பவள் n+n+(n+1) என்று எழுதுவாள். மூன்றும் சரி, மூன்றும் மூன்று விதமான பார்வைகள். படிப்படியாகச் சரிபார்க்கும் வழக்கமான பயிற்சி மென்பொருளுக்கு அடுத்த படி எது என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும். மாணவரே வழி தேடிக் கற்கும் சூழலில் அப்படி ஒரு படிவரிசையே கிடையாது. பாதி வழியில் நிற்கும் பிள்ளை எந்தப் பாதையில் நிற்கிறாள் என்பதை முதலில் ஊகிக்க வேண்டும். 3n+1 நோக்கிய குறிப்பை n+n+(n+1) நோக்கிப் போகிறவளிடம் கொடுத்தால், அது என் 'பூ போதும்மா'வைப் போன்றதுதான்.

இந்தச் சிக்கலை நேர்மையாக எதிர்கொண்ட ஒரு முயற்சி, 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டன் நாலெட்ஜ் லேப் என்ற ஆய்வு மையத்தில் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் ரிச்சர்ட் நாஸ், சீலியா ஹாய்ல்ஸ் முதலியோர் கணினி அறிஞர்களுடன் சேர்ந்து நடத்திய மைஜென் திட்டம். 11 முதல் 14 வயது வரையுள்ள மாணவர்களுக்கான எக்ஸ்பிரஸ்ஸர் என்ற சூழலை அவர்கள் உருவாக்கினார்கள். அதில் தீக்குச்சிகளுக்குப் பதிலாக வண்ண ஓடுகள். மாணவர் ஓர் அமைப்பை உருவாக்கி, அதற்கு எத்தனை ஓடுகள் தேவை என்ற விதியையும் எழுத வேண்டும். எந்த எண் மாறலாமோ (நம் கணக்கில் n), அதன் பூட்டைத் திறந்து அதை மாற விட வேண்டும். பக்கத்திலேயே இன்னொரு சாளரத்தில் அதே அமைப்பு வேறொரு எண்ணுடன் ஓடும். நம் கணக்கில் பத்துச் சதுரங்களுக்கு 31 குச்சிகள் என்று எண்ணி எழுதியவரின் விடை பத்துக்கு மட்டுமே பொருந்தும். எண் மாறியவுடன் அமைப்பு குலைந்து நிற்கும். ஜியோஜிப்ராவில் முனையை இழுத்துப் பார்ப்பதன் உறவுக்காரச் சோதனை இது. இதில் எந்த நுண்ணறிவும் குறுக்கே வருவதில்லை என்பதைக் கவனியுங்கள்: தவறு என்று யாரும் சொல்லாமலேயே, தான் கட்டியதன் குறையைக் குழந்தை தானே காண்கிறாள். நல்ல சூழல் பாதி உதவியைத் தன் அமைப்பிலேயே வைத்திருக்கும்.

மீதி உதவியிலும் அந்தத் திட்டம் நிதானம் காட்டியது. மாணவரின் வேலையைக் குறுக்கிடாமல் ஓரமாகக் காத்திருக்கும் குறிப்பு, கவனத்தை ஈர்த்து நிறுத்தும் செய்தி என்று குறுக்கீட்டின் அளவு பிரித்துப் பார்க்கப்பட்டது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஆசிரியருக்கான கருவி. வகுப்பில் மாணவர்கள் அமர்ந்திருக்கும் வரிசைப்படியே திரையில் வட்டங்கள். மும்முரமாகச் செய்கிறவருக்குப் பச்சை, சிறிது நேரமாக அசைவற்றிருப்பவருக்கு மஞ்சள், ஆசிரியரின் உதவிக்குக் காத்திருப்பவருக்குச் சிவப்பு. நாற்பது பேர் உள்ள அறையில் கையைத் தூக்கத் தயங்கும் பிள்ளை யார் என்று தெரிவது எவ்வளவு பெரிய உதவி என்பதை ஆய்வகத்தில் தனியாக நின்றவர்கள் அறிவார்கள். எந்திரம் கற்பிக்க முயல்வதைவிட, யாரிடம் போய் உட்கார வேண்டும் என்று எனக்குக் காட்டினாலே போதும் என்று பல நாட்கள் நினைத்திருக்கிறேன். ஆனால் இந்தப் பதிவுகள் மதிப்பெண்ணாக மாறிவிடக் கூடாது. ஒவ்வொரு சொடுக்கும் எண்ணப்படுகிறது என்று தெரிந்த பிள்ளை வட்டம் போட்டுப் பார்க்க மாட்டாள்.

இப்போது சாட்ஜிபிடி போல, கேட்டால் பதில் பேசும் மொழி மாதிரிகள் வந்துவிட்டன. கேட்டவுடன் விடை கிடைப்பதில் உள்ள ஆபத்தைத் துருக்கியின் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சுமார் ஆயிரம் மாணவர்களிடம் நடந்த கணித ஆய்வு தெளிவாகக் காட்டியது. ஜிபிடி-4 என்ற மொழி மாதிரியை அப்படியே பயன்படுத்தியவர்கள் பயிற்சியின்போது 48 விழுக்காடு கூடுதலாகச் சாதித்தார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைப் பயன்படுத்தாதவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கினார்கள். ஆசிரியர்கள் தந்த குறிப்புகளோடு, விடையைச் சொல்லாமல் வழி மட்டும் காட்டுமாறு அமைக்கப்பட்ட இன்னொரு வடிவத்தைப் பயன்படுத்தியவர்களுக்கோ பயிற்சியில் 127 விழுக்காடு முன்னேற்றம் இருந்தது. தேர்வில் அந்தச் சரிவு பெருமளவு தவிர்க்கப்பட்டது. எந்திரம் ஒன்றுதான், உதவியின் வடிவமைப்பு வேறு. அப்போதும் அவர்கள் தேர்வில் மற்றவர்களை முந்திவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்த வட்டங்களுக்குப் பிறகு நான் செய்யும் மாற்றம் சிறியது. ஆய்வகத்தில் ஒவ்வொருவரும் தொடங்கும்போதும், வழியை மாற்றும்போதும், தான் என்ன செய்து பார்க்கப் போகிறார் என்பதை ஒரு வரியில் குறிப்பேட்டில் எழுத வேண்டும். வாயைத் திறப்பதற்கு முன் அந்த வரியைப் படிப்பேன். உதவும் மென்பொருளும் குறிப்புக் கொடுப்பதற்கு முன் இதைத்தான் கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்.

அண்மையில் ஒரு நிறுவனத்தார் தங்கள் மென்பொருளைச் செய்து காட்ட வந்தபோது, தீக்குச்சிக் கணக்கில் n+n+(n+1) என்று தட்டச்சு செய்தேன். தவறு என்று சிவப்பில் காட்டி, 3n+1 என்பதற்கான விளக்கத்தைப் பக்கம் பக்கமாக ஓட்டியது. உங்கள் பள்ளிக்கும் இப்படி யாரேனும் வந்தால், அவர்கள் கொண்டுவரும் கணக்குகளோடு நின்றுவிடாதீர்கள். சரியான ஒரே விடையை மூன்று வடிவங்களில் கொடுத்துப் பாருங்கள். பத்துச் சதுரங்களுக்கு மட்டும் பொருந்தும் 31ஐக் கொடுத்து, அது எதற்குப் பொருந்தாது என்பதை மென்பொருள் குழந்தைக்குக் காட்டுகிறதா, சொல்லிவிடுகிறதா என்று பாருங்கள். பிறகு எதையும் தட்டாமல் இரண்டு நிமிடம் சும்மா இருந்து, அது எப்போது வாயைத் திறக்கிறது என்று கவனியுங்கள்.