இருபது ரூபாய் ஏன் இனிப்பதை நிறுத்துகிறது?

கோத்தகிரி பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பாட்டி காலத்தில் வீட்டில் கரண்ட் கிடையாது, ஊட்டிக்கு நடந்தேதான் போய் வந்தார்கள். இன்று வீட்டில் எல்லாம் இருக்கிறது, நிம்மதியைத்தான் காணோம். நாகரிகம் மனிதனின் மகிழ்ச்சியைக் குறைத்துவிட்டதா?"

மகிழ்ச்சியை அளக்கும் வழக்கமான முறை எளிமையானது. பூச்சியத்திலிருந்து பத்து வரை படிகள் கொண்ட ஏணி ஒன்றைக் காட்டி, உங்கள் வாழ்க்கை எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்பார்கள். 2024 உலக மகிழ்ச்சி அறிக்கையில் பின்லாந்துக்கு 7.74, இந்தியாவுக்கு 4.05. இதை மட்டும் பார்த்தால் பணம் ஏறினால் படியும் ஏறும் என்று தோன்றும். ஆனால் அதே ஆண்டில் இன்னோர் ஆய்வு வந்தது. பல கண்டங்களில் 19 இடங்களில், கையில் ரொக்கம் அதிகம் புழங்காத சிறு சமூகங்களைச் சேர்ந்த 2,966 பேரிடம் வாழ்க்கை எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று கேட்டார்கள். சராசரி 6.8. அமெரிக்காவில் வருமானம் பல ஆண்டுகளாக ஏறியும் சராசரி மகிழ்ச்சி அதற்கேற்ப ஏறவில்லை என்று பொருளியலாளர் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் 1974இலேயே எழுதினார். அதை மறுத்தவர்களும் உண்டு. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. நாடுகளின் சராசரியை வைத்துக்கொண்டு இதற்கு மேல் போக முடியாது. மூளைக்குள் போக வேண்டும்.

1980களில் சுவிட்சர்லாந்தில் மூளை ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் நடுமூளையில் மிக மெல்லிய மின்முனைகளைச் செலுத்தி, டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நியூரான்களை (நரம்பணுக்களை) ஒவ்வொன்றாக ஒட்டுக்கேட்டார். அவர் தேடியது, கை நடுங்கி அசைவு மந்தமாகும் பார்க்கின்சன் நோய்க்கும் உடல் அசைவுக்கும் உள்ள தொடர்பை. கிடைத்ததோ வேறு. இந்த நியூரான்கள் சும்மா இருக்கும்போது வினாடிக்கு நாலைந்து முறை துடிக்கும். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு வாயில் விழுந்தால் சடசடவென்று துடிப்பு எகிறும். விளக்கு எரிந்த பிறகே சாறு வரும் என்று பழக்கிவிட்டால், எகிறுவது விளக்குக்கு இடம் மாறிவிடும். அதன் பிறகு சாறு வந்தாலும் நியூரான் அசைவதில்லை. அதே சாறு, அதே இனிப்பு, அதே அளவு. ஆனால் செய்தி எதுவும் இல்லை.

மூன்றாவது நிலைதான் அற்புதம். விளக்கு எரிகிறது, சாறு வரவில்லை. சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில், வெளியே எந்த மாற்றமும் நிகழாதபோதே, நியூரான் வாயடைத்துப் போகிறது. வராத ஒன்றை மூளை நேரம் குறித்துப் பதிவு செய்கிறது! நாலைந்து துடிப்புக்குக் கீழே இறங்க அதிக இடம் இல்லை என்பதால், ஏமாற்றத்தின் அளவு அந்த மௌனம் எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதில் பதிகிறது. 1997இல் ஷுல்ட்ஸும் பீட்டர் டயனும் ரீட் மாண்டேகும் சேர்ந்து இதைச் சமன்பாடாக எழுதினார்கள். கிடைத்ததில் எதிர்பார்த்ததைக் கழித்தால் வருவது 'எதிர்பார்ப்புப் பிழை'. அந்தப் பிழையின் ஒரு பங்கைப் பழைய எதிர்பார்ப்போடு கூட்டினால் புதிய எதிர்பார்ப்பு. கணினிகளுக்குக் கற்றுக்கொடுக்க வேறு சிலர் ஏற்கெனவே உருவாக்கியிருந்த கணக்கும் இதுவே.

போட்டுப் பார்ப்போம். ஒரு சிறு தேயிலை விவசாயி பசுந்தேயிலைக்குக் கிலோ 15 ரூபாய் எதிர்பார்க்கிறார். பேக்டரி 20 தருகிறது. பிழையில் பத்தில் மூன்று பங்கு எதிர்பார்ப்பில் சேர்கிறது என்று வையுங்கள். முதல் மாதம் பிழை 5 ரூபாய், மனம் துள்ளுகிறது. எதிர்பார்ப்பு 16.50க்கு ஏறுகிறது. அடுத்த மாதமும் 20தான், ஆனால் பிழை 3.50. பிறகு 2.45, 1.72, 1.20. ஆறாவது மாதம் 84 காசு. விலை ஒரு காசும் இறங்கவில்லை. துள்ளல் மட்டும் காணாமல் போய்விட்டது. எதிர்பார்ப்பு இப்போது 19.41. ஏழாவது மாதம் 17 தருகிறார்கள். பழைய 15ஐவிட இரண்டு ரூபாய் கூடுதல்தான். ஆனாலும் பிழை மைனஸ் 2.41, வீட்டில் எரிச்சல். 1998க்குப் பிறகு விலை சரிந்தபோது நீலகிரி பட்ட வேதனையில் வருமான இழப்பு ஒரு பாதி. உச்ச விலையை நம்பிப் போட்ட கணக்குகள் உடைந்தது மறுபாதி.

டோபமினை 'மகிழ்ச்சி ஹார்மோன்' என்று எழுதுவதை ஊடகங்கள் இனியாவது நிறுத்த வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் எலிகளின் டோபமினை ஏறக்குறைய முழுதாக அழித்துப் பார்த்தார். அந்த எலிகள் தானாகப் போய்ச் சாப்பிடாமல் பட்டினி கிடந்தன. ஆனால் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் விட்டால் எப்போதும் போல் ரசித்து நக்கின. வேண்டும் என்பது ஒரு சுற்று, பிடிக்கிறது என்பது வேறு சுற்று. டோபமின் முதலாவதைச் சேர்ந்தது. மலையில் அறை எடுத்து 'டோபமின் விரதம்' (போன் போன்ற இன்பங்களை விலக்கி இருப்பது) நடத்துகிறோம் என்று பணம் வாங்குவோரிடம் ஏமாறாதீர்கள். டோபமின் உண்மையிலேயே குறைந்தால் ஞானம் வராது, பார்க்கின்சன்தான் வரும். ராசிக்கல் வியாபாரத்துக்கும் இதற்கும் நான் வித்தியாசம் காணவில்லை.

மனிதர்களிடமும் இந்தக் கணக்கு பலிக்கிறதா? 2014இல் லண்டனில் ராப் ரட்லெட்ஜ் குழுவினர் 26 பேரைச் சூதாட்ட விளையாட்டு ஒன்றில் உட்கார வைத்து, நடுநடுவே "இப்போது எவ்வளவு மகிழ்ச்சி?" என்று கேட்டார்கள். பிறகு செல்போன் வழியாக 18,420 பேரிடம் சரிபார்த்தார்கள். மொத்தம் எவ்வளவு ஜெயித்தார்கள் என்பது பதிலைத் தீர்மானிக்கவில்லை. எதிர்பார்த்ததைவிடக் கூடவா குறைவா என்பதே தீர்மானித்தது. அந்த விளைவும் சில ஆட்டங்களுக்குள் தேய்ந்துவிட்டது.

வாசகியின் கேள்விக்கு இங்கே பதில் கிடைக்கிறது. நாகரிகம் தந்த மிகப் பெரிய கொடைகள் இந்த மீட்டரில் பதிவாவதே இல்லை. 1971இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020இல் அது 28. வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி தயாரிக்க 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியது. நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. கடிபட்டதும் ஊசி போட்டுக்கொண்டவர் சாதாரணமாக வேலைக்குப் போகிறார். நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் ரத்தக் குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரைக் கோளாறு) இருப்பதை ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் 1952இல் கண்டறிந்தார்கள். அதற்கு முன்பு அந்த வலியோடு வாழ்ந்தவர்களுக்கு வலியின் பெயர்கூடத் தெரியாது. குழந்தை இன்று சாகவில்லை என்று எந்தத் தாயின் நியூரானும் எகிறுவதில்லை, ஏனென்றால் சாகாது என்பதே எதிர்பார்ப்பு. பாட்டி காலத்து நிம்மதியைப் பேசுகிறவர்கள் பாட்டி புதைத்த பிள்ளைகளையும் எண்ண வேண்டும்.

நாகரிகம் கூட்டிய சுமையோ நொடிக்கு நொடி பதிவாகிறது. முன்பு ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஹட்டியின் வீடுகள்தான் இருந்தன. இப்போது பெங்களூரில் வேலை பார்க்கும் பங்காளி மகனின் சம்பளமும் புது வீடும் தினமும் செல்போனில் வருகின்றன. தேயிலை விலை அப்படியே நிற்க, எதிர்பார்ப்பு மட்டும் ஏறுகிறது. போதாததற்கு, 2003இல் ஷுல்ட்ஸ் குழு இன்னொன்றையும் கண்டது: பரிசு வருமா வராதா என்பது பாதிக்குப் பாதியாக இருக்கும்போதுதான் விளக்குக்கும் சாறுக்கும் இடைப்பட்ட நேரத்தில் டோபமின் துடிப்பு மிக அதிகம். அடுத்த முறை திறந்தால் ஏதாவது வந்திருக்குமோ என்று போனைத் தடவுவது இந்த வகை என்றே கருதுகிறேன். அறிவிப்புகளை நிறுத்திவிட்டுக் காலையும் மாலையும் குறித்த நேரத்தில் பார்த்தால், அந்த நிச்சயமின்மையின் பெரும்பகுதி போய்விடும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மனம் பழகிவிடாது. ஜெர்மனியில் 1984 முதல் ஆண்டுதோறும் அதே மனிதர்களிடம் வாழ்க்கை நிறைவைக் கேட்டு வருகிறார்கள். வேலை இழந்தவர்கள் மறுபடி வேலை கிடைத்த பிறகும் பழைய படிக்கு முழுதாகத் திரும்பவில்லை என்பது அந்தத் தரவில் தெளிவாகத் தெரிகிறது. மனம் பழகாத இத்தகைய இழப்புகளைத் தடுப்பதில்தான் அரசுப் பணம் செலவாக வேண்டும்.

நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம். அதற்குள்ளேயே தோடர், கோத்தர், படுகர், இருளர், குறும்பர், பணியர், தோட்டத் தொழிலாளர் என்று ஒரே மாவட்டத்தில் இத்தனை வாழ்முறைகள் உள்ள நீலகிரியில், ஜெர்மனி செய்ததைப் போல ஒரு நீண்டகாலக் கணக்கெடுப்பை நடத்தலாம். விண்கலம் எதுவும் வேண்டாம்; பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்களும் இருபது வருடப் பொறுமையும் போதும். அதே ஆட்களிடம், அதே மாதத்தில், அவரவர் மொழியில் கேட்க வேண்டும். ஏணிக் கேள்வியோடு, "யாரோடு உங்களை ஒப்பிடுகிறீர்கள்?" என்பதும் இருக்க வேண்டும். பேக்டரியில் இலைக்கான பணம் பட்டுவாடா ஆகும் வாரத்தில் மட்டும் கேட்கக் கூடாது. அந்த வாரம் வரும் பதில் விலையைப் பற்றியதாக இருக்கும்.