ஐரோப்பிய விலாங்கு மீட்பு விதி: 40 சதவீதம் என்பது எதில் 40?

ஐரோப்பிய விலாங்கு மீனை மீட்க ஐரோப்பிய ஒன்றியம் 2007 செப்டம்பர் 18 அன்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் எண் 1100/2007. வலை போடுபவர், நீர்மின் நிலையம் நடத்துபவர், குஞ்சு வாங்கி விற்பவர் எனப் பலரையும் அது கட்டுப்படுத்துகிறது. அதன் நடுவே இருக்கும் 40 சதவீதம் என்ற எண்ணைத்தான் பலரும் தவறாகப் படிக்கிறார்கள்.

அந்த எண் புரிய மீனின் வாழ்க்கை தெரிய வேண்டும். விலாங்கு வட அட்லாண்டிக்கில் உள்ள சர்காசோ கடலில் பிறந்து, நீரோட்டத்தோடு ஐரோப்பியக் கரைக்கு வருகிறது. கரை சேரும்போது உடல் ஊடுருவித் தெரியும், ஏழு செ.மீ. அளவுக் குஞ்சு அது. பெயர் கண்ணாடி விலாங்கு. ஆறுகளிலும் ஏரிகளிலும் கழிமுகங்களிலும் மஞ்சள் விலாங்காக 5 முதல் 20 ஆண்டுகள், சில நேரம் அதற்கு மேலும் வளர்கிறது. பிறகு வயிறு வெளுத்து, கண் பெருத்து, இரை எடுப்பதை நிறுத்திவிட்டு, வெள்ளி விலாங்காக 5,000 கி.மீ.க்கு மேல் நீந்தித் திரும்புகிறது. முட்டையிடுவது வாழ்நாளில் ஒரே முறை. ஐரோப்பா முழுவதிலும் இருப்பது ஒரே கூட்டம். ஓர் ஆற்றிலிருந்து போன மீனின் குஞ்சு வேறு எந்த நாட்டின் கரைக்கும் வரலாம். பண்ணையில் வணிக அளவில் குஞ்சு பொரிக்க வைக்க இன்னும் முடியவில்லை. பண்ணைத் தொட்டியில் வளரும் விலாங்கும் இயற்கையில் பிடித்த குஞ்சுதான். அதனால்தான் சட்டம், ஆற்றைவிட்டு உயிரோடு கடலுக்குப் போகும் வெள்ளி விலாங்கை அளவுகோலாக வைத்தது.

மனிதத் தலையீடே இல்லாதிருந்தால் ஓர் ஆற்றுப் படுகையிலிருந்து எவ்வளவு எடை வெள்ளி விலாங்கு கடலுக்குப் போயிருக்குமோ, அதில் குறைந்தது 40 சதவீதம் போய்ச் சேர வேண்டும். இதுவே இலக்கு. கணக்கு எடையில்தான், எண்ணிக்கையில் அல்ல. இன்று ஆற்றில் மிஞ்சியிருக்கும் மீனில் 40 சதவீதமும் அல்ல. 'மீதி 60 சதவீதத்தைப் பிடித்துக்கொள்ளலாம்' என்று இதைப் படிப்பது பெரும் பிழை. வட கடல் பகுதிக்கு இப்போது வரும் குஞ்சுகள் 1960–79 சராசரியில் 2 சதவீதத்துக்கும் குறைவு. வரத்தே இப்படிச் சுருங்கிய பிறகு, ஒரு மீனைக்கூடக் கொல்லாமல் விட்டாலும் பல படுகைகள் இலக்கை எட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். சட்டமும் 'நீண்ட காலத்தில்' என்றுதான் சொல்கிறது. கெடுவை ஒவ்வொரு நாடும் தன் திட்டத்தில் எழுத வேண்டும்.

பழைய அளவைக் கணக்கிட மூன்று வழிகள் உண்டு: 1980க்கு முந்தைய தரவுகள், வாழிடப் பரப்பை வைத்து எவ்வளவு மீன் விளையும் என்ற மதிப்பீடு, அல்லது அதே தன்மையுள்ள வேறோர் ஆற்றோடு ஒப்பிடுதல். எந்த வழியை எடுத்தார்கள் என்பது முக்கியம். தொடக்க அளவைக் குறைத்து மதிப்பிட்டால் இலக்கும் தானாகச் சுருங்கிவிடும்.

நாடுகள் தங்கள் மேலாண்மைத் திட்டத்தை 2008 டிசம்பர் 31க்குள் கொடுத்து, 2009 ஜூலை 1 முதல் நடத்த வேண்டும் என்பது விதி. தவறினால் மீன்பிடி முயற்சியையோ பிடிப்பையோ 2004–06 சராசரியிலிருந்து பாதியாகக் குறைக்க வேண்டும். இலக்கை எட்டும் வழியைத் தேர்ந்தெடுப்பது நாட்டின் உரிமை. அயர்லாந்து 2009இல் வணிக விலாங்குப் பிடிப்பையே மூடிவிட்டது.

12 செ.மீ.க்குக் குறைந்த குஞ்சைப் பிடிக்க அனுமதிக்கும் நாடு, பிடித்ததில் 60 சதவீதத்தை ஆறுகளில் இருப்பு செய்ய, அதாவது கொண்டுபோய் வளர விட, ஒதுக்க வேண்டும். இது 35 சதவீதத்தில் தொடங்கி 2013 ஜூலைக்குள் 60ஐ எட்டும்படி வகுக்கப்பட்டது. ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 3,000 குஞ்சுகள் நிற்கும். 100 கிலோவில் 60 கிலோ என்றால் சுமார் 1,80,000 குஞ்சுகள். எண் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் வேகமாக இழுத்த வலையில் தோல் உரிந்த குஞ்சு சில நாட்களில் சாகும். அணைக்கு மேலே விட்ட குஞ்சு வளர்ந்து திரும்பும்போது நீர்மின் நிலையத்தின் டர்பைனில் (சுழலியில்) சிக்கும். ஓரிடத்தில் நெருக்கமாக விட்டால் பெரும்பாலும் சிறிய ஆண்களாகவே வளரும். இருப்பு செய்வதால் மொத்தக் கூட்டத்துக்கு நிகர லாபம் உண்டு என்பது இதுவரை நிரூபிக்கப்படவில்லை. விட்ட குஞ்சின் எண்ணிக்கையை மட்டும் காட்டும் அறிக்கையை மீட்பு என்று ஏற்கக் கூடாது.

உண்மையான இழுபறி அணைகளில்தான். உடல் நீளமாக இருப்பதால் டர்பைன் இலை படும் வாய்ப்பு விலாங்குக்கு மற்ற மீன்களைவிட அதிகம். பெரிய பெண் மீனுக்கு இன்னும் அதிகம். ஒரு நிலையத்தில் 20 சதவீதம் சாகிறது என்று வைத்துக்கொள்வோம். வரிசையாக ஐந்து நிலையங்களைத் தாண்டும்போது 100இல் 33தான் பிழைக்கும். ஒவ்வொரு நிலையமும் 'என்னால் 20தானே' என்று சொல்ல முடிவது இதனால்தான். தீர்வுகள் தெரிந்தவையே: நெருக்கமான கம்பித் தடுப்பைச் சாய்வாக வைத்து அருகிலேயே மாற்று வழி விடுதல், இலையுதிர் காலத்தில் மழை பெய்து நீர் ஏறும் இருட்டு இரவுகளில் டர்பைனை நிறுத்துதல், அயர்லாந்தின் ஷானன் ஆற்றில் செய்வதுபோல் மேலே பிடித்து அணைக்குக் கீழே கொண்டுபோய் விடுதல். கம்பித் தடுப்பு வைத்து மாற்று வழி விடாமல் போனால் மீன் நீரழுத்தத்தில் கம்பியோடு ஒட்டிக்கொண்டு சாகும்.

மேலே ஏற வரும் குஞ்சுக்கு, தூரிகை மயிர் பதித்த சாய்தளமும் அதை நனைக்கும் மெல்லிய நீரும் போதும். மயிர்க்கற்றைகளின் இடைவெளி சிறியவற்றுக்கு 7 மி.மீ., பெரியவற்றுக்கு 14 முதல் 21 மி.மீ. கெடுவது இரண்டு இடங்களில்: குஞ்சு கூடும் மூலையை விட்டுத் தள்ளி அடிவாசல் வைப்பது, மேல்வாசலை டர்பைன் உறிஞ்சும் இடத்துக்கு அருகில் திறப்பது. இந்தச் சட்டத்தைப் பற்றி 2020இல் வந்த ஐரோப்பிய ஆணையத்தின் மதிப்பீடும், மீன்பிடிப்பு குறைந்த அளவுக்கு மற்ற மரணங்கள் குறையவில்லை என்றே சொன்னது.

கடல் பகுதியில் வணிகப் பிடிப்புக்கு 2018இல் மூன்று மாதத் தடை வந்தது. 2023 முதல் அது சில விலக்குகளுடன் ஆறு மாதம். பொழுதுபோக்குக்காகக் கடலில் விலாங்கு பிடிப்பது முற்றிலும் தடை. தற்செயலாகச் சிக்கினால் உடனே விட வேண்டும். இந்தத் தடை விஷயத்தில் உள்நாட்டு நன்னீருக்கு அந்தந்த நாட்டுச் சட்டமே செல்லும். 2021 முதல் விஞ்ஞானிகளின் ஆலோசனை எல்லா வாழிடங்களிலும் பூஜ்யப் பிடிப்பு. சட்டம் இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை. அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் விலாங்கைச் சேர்த்தது 2009 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. 2010 டிசம்பர் முதல் ஒன்றியத்துக்கு வெளியே ஏற்றுமதி கிடையாது.

ஒரு படுகையின் அறிக்கை கைக்கு வந்தால் மூன்று எடைகளைத் தேடுங்கள்: தலையீடே இல்லாத பழைய காலத்து அளவு, இன்று உண்மையில் கடலுக்குப் போவது, இன்றைய வரத்தில் யாரும் கொல்லாவிட்டால் போகக்கூடியது. உதாரணத்துக்கு அவை 100, 7, 12 டன் என்றால், இலக்கு 40 எட்டவில்லை என்பது ஒரு செய்தி. 12இல் 5 டன்னை வலையும் டர்பைனும் எடுத்துக்கொள்கின்றன என்பது இன்னொரு செய்தி. இந்தப் பருவத்திலேயே ஆணை போட்டுக் குறைக்கக்கூடியது அந்த 5 டன்தான்.