ஏரி உறையும் வரை காத்திருக்காதீர்கள்

போன வாரம்தான் இந்தப் பருவத்தின் முதல் உறைபனி இரவு வந்தது. நான்காம் நாள் காலையில் ஒருவர் படகை டிரெய்லரில் இழுத்துக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றார். எஞ்சின் ஓடுகிறது, ஆனால் சத்தம் சரியில்லை என்றார். எண்ணெய் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். எண்ணெய் பால் விட்ட தேநீர் நிறத்தில் இருந்தது. எஞ்சினின் இரும்பு உடலான பிளாக் உள்ளே விரிசல் விட்டு, தண்ணீர் எண்ணெயில் கலந்துவிட்டது. பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கட்டும் என்று காத்திருந்தாராம். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வியை வருடா வருடம் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது: "ஏரியே இன்னும் உறையவில்லையே, எஞ்சினுக்குள் இருக்கும் தண்ணீர் மட்டும் எப்படி உறையும்?"

ஏரியை வைத்து எஞ்சினைக் கணக்குப் போடாதீர்கள். ஏரி கோடை முழுவதும் வெயிலை வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறது. நன்னீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகவும் கனமாக இருக்கும். அதனால் மேலே குளிர்ந்த நீர் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும்; ஏரி முழுக்க 4 டிகிரிக்கு வந்த பிறகுதான் மேற்பரப்பு அதற்கும் கீழே குளிர்ந்து உறையத் தொடங்கும். அதற்குப் பல வாரங்கள் ஆகும். உங்கள் எஞ்சினில் இருப்பது, தன்னைக் குளிர்விக்க அது ஏரியிலிருந்து உறிஞ்சிய சில லிட்டர் தண்ணீர். அது பிளாக்கிலும், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும், பம்பிலும், குழாய்களிலும் பிரிந்து பிரிந்து நிற்கிறது. சுற்றிலும் இரும்பு, அதைச் சுற்றிக் காற்று. அந்தத் தண்ணீருக்கு ஏரியின் வெப்பநிலை தெரியாது, காற்றின் வெப்பநிலைதான் தெரியும்.

இதைவிட மோசம், "படகைக் கரையேற்றிவிட்டேன், இனி கவலை இல்லை" என்ற நம்பிக்கை. உண்மை நேர்மாறானது. படகு தண்ணீரில் மிதக்கும்போது கீழிருந்து கொஞ்சம் கதகதப்பு கிடைத்துக்கொண்டிருக்கும். டிரெய்லரில் ஏற்றியதும் அது போய்விடும். அடிப்பக்கமும் குளிர்காற்றில் நிற்கும். என்னிடம் விரிசலோடு வந்த படகுகளில் பெரும்பாலானவை வீட்டு வாசலில், மேலே உறை போட்டு, பத்திரமாக நிறுத்தி வைக்கப்பட்டவை. உறை மழையைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது. எந்த நாள் கரையேற்றுகிறீர்களோ, அன்றைக்கே எஞ்சினில் இருக்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

சரி, பருவத்தை எப்போது முடிப்பது? நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். "போன வருடம் நவம்பர் கடைசி வரை ஓட்டினேனே" என்பது போன வருடத்து வானிலை. இரவு வெப்பநிலையைப் பாருங்கள். முன்னறிவிப்பில் சொல்லும் எண் தரையிலிருந்து சுமார் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரத்துக் காற்றுக்கானது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையை ஒட்டிய காற்று அதைவிடச் சில டிகிரி குளிர்ந்திருக்கும். பள்ளமான இடங்களில் இன்னும் அதிகம். அதனால் முன்னறிவிப்பு 3 டிகிரி என்று காட்டத் தொடங்கினாலே நான் என் படகில் தண்ணீர் விட்டுவைப்பதில்லை. பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு ஒரு மணி நேரத்தில் மீளும் குளிரில் பெரிய இரும்பு பிளாக் பெரும்பாலும் தப்பிவிடும், உண்மைதான். ஆனால் அந்த ஒரு மணி நேரம் ஆறு மணி நேரமாக நீளாது என்று உங்களுக்கு யார் உறுதி கொடுத்தார்கள்?

உறையும் நீர் சுமார் 9 சதவீதம் விரியும். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது. பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வட்டத் தகடுகள் வெளியே தெறித்து எஞ்சினைக் காப்பாற்றிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அவை வார்ப்பின்போது உள்ளே இருந்த மணலை வெளியேற்ற விட்ட துளைகளுக்கான மூடிகள். சில சமயம் தெறிக்கும், பல சமயம் அவை அப்படியே இருக்க, பக்கத்தில் பிளாக் பிளந்திருக்கும்.

ஒரு வார இறுதியை இழக்க மனம் வரவில்லையா? போய் வாருங்கள். ஆனால் வீடு திரும்பியதும் வடிகால் மூடிகளைத் திறந்து வடித்துவிடுங்கள். பழகிவிட்டால் அரை மணி நேர வேலை. மூடியைக் கழற்றியும் தண்ணீர் வரவில்லை என்றால் உள்ளே காலி என்று நினைக்காதீர்கள். துளையைத் துருவும் மணலும் அடைத்திருக்கும். ஒரு கம்பியை விட்டுக் குத்துங்கள், சட்டென்று கொட்டும். இதை மட்டும் செய்திருந்தால் எத்தனையோ எஞ்சின்கள் பிழைத்திருக்கும்.

பருவத்தின் கடைசியில் போகிறவர்களிடம் வேறொன்றையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உயிர்காப்புச் சட்டையை இருக்கைக்கு அடியில் வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். கரையில் வெயில் அடிக்கும், தண்ணீர் 15 டிகிரிக்கும் கீழே போயிருக்கும். உறையும் நிலைக்கு நெருங்கிய நீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம்தான், நினைவு தப்ப ஒரு மணி நேரம் என்று குளிர்நீர் ஆபத்தை ஆராய்ந்த, கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் எளிதாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அந்த முதல் நிமிடத்தில் மிதக்க வைக்கச் சட்டை வேண்டும். அப்போது ஏரியில் உதவிக்கு வேறு படகும் இருக்காது.

இனி, உறையாமல் காக்கும் திரவமான ஆன்டிஃபிரீஸ். இளஞ்சிவப்புத் திரவத்தை எஞ்சின் உறிஞ்சும்படி விட்டு, எக்ஸாஸ்டில் இளஞ்சிவப்பு நிறம் வந்ததும் வேலை முடிந்தது என்று அணைத்துவிடுகிறார்கள். எஞ்சின் சூடாகாமல் இருந்தால், சூட்டில்தான் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் மூடியிருக்கும். நீங்கள் ஊற்றியது பிளாக்குக்குள் போகாமல் சுற்றுவழியாக வெளியே வந்துவிடும். பிளாக்கில் பழைய ஏரித் தண்ணீர் அப்படியே நிற்கும். முதலில் வடியுங்கள், பிறகு நிரப்புங்கள். வடிக்காமல் நிரப்பினால் மீதித் தண்ணீர் அதை நீர்த்துப்போகச் செய்யும். புட்டியில் போட்டிருக்கும் மைனஸ் 50 ஃபாரன்ஹீட், அதாவது சுமார் மைனஸ் 46 செல்சியஸ், குழாய் வெடிக்காமல் தாங்கும் அளவு. நீர் கலக்காத திரவத்துக்கு மட்டும். அதற்கு வெகு முன்பே அது கூழாகத் தொடங்கிவிடும். படகில் உள்ள குடிநீர்க் குழாய்களுக்குப் புரொப்பிலீன் கிளைகால் வகைதான். எத்திலீன் கிளைகால் விஷம், அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

மூடிய குளிரூட்டும் அமைப்பு, அதாவது பிளாக்கில் ஏரித் தண்ணீருக்குப் பதில் தனித் திரவம் சுற்றும் அமைப்பு, உள்ளவர்கள் தங்களுக்கு இது பொருந்தாது என்கிறார்கள். பொருந்தும். வெப்பமாற்றியின் மறுபக்கம், பம்ப், பல எஞ்சின்களில் மேனிஃபோல்டும்கூட, வெளித் தண்ணீரில்தான் ஓடுகின்றன. படகின் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் என்றால் செங்குத்தாக இறக்கி நிறுத்துங்கள், தானே வடிந்துவிடும். சாய்த்தபடி விட்டால் வடியாது. கியர் எண்ணெயையும் இப்போதே மாற்றுங்கள். பால் நிறத்தில் வந்தால் சீல் போய்விட்டது, உள்ளே தண்ணீர் இருக்கிறது, அதுவும் உறையும்.

எரிபொருளில், அது கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்து, கார்புரேட்டர் வரை போய்ச் சேர 10, 15 நிமிடம் ஓட்டுங்கள். குளிரூட்டும் நீர் இல்லாமல் ஓட்டாதீர்கள், பம்பின் ரப்பர் கருகிவிடும். எஞ்சின் எண்ணெயைச் சூடாக இருக்கும்போதே மாற்றுங்கள். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து வையுங்கள். தீர்ந்துபோன லெட் ஆசிட் பேட்டரி மைனஸ் 10 டிகிரிக்குள்ளேயே உறைந்து வெடித்துவிடும். எஞ்சின் அறையில் பல்பு எரியவிட்டுச் சமாளிக்காதீர்கள். கடுங்குளிர் இரவில் மின்சாரம் போனால் பல்பும் அணையும். பெட்ரோல் ஆவி தேங்கினால் அதே பல்பு தீ வைக்கும். பல காப்பீட்டு பாலிசிகளில் உறைந்து உடைந்ததற்கு இழப்பீடு கிடையாது. உங்களுடையதை இன்றே எடுத்துப் படியுங்கள்.

பட்டறையில் ஒப்படைக்கப் போகிறீர்கள் என்றால் உறைபனி எச்சரிக்கை வந்த அன்று தொலைபேசியில் அழைக்காதீர்கள். அன்றைக்கு எல்லோரும் அழைக்கிறார்கள். இரண்டு வாரம் முன்னதாகவே சொல்லி வையுங்கள்.

வடித்து முடித்ததும், படகின் அடியில் இருக்கும் வடிகால் மூடியையும் கழற்றி வைத்துவிடுங்கள். குளிர்காலம் முழுக்கச் சேரும் மழையும் உருகும் பனியும் வெளியேற வழி வேண்டும். கழற்றிய எல்லா மூடிகளையும் ஒரு பையில் போட்டு, எத்தனை என்று எழுதி, படகுச் சாவியோடு சேர்த்துக் கட்டுங்கள். வசந்தத்தில் முதல் நாளே தண்ணீர் புகுந்து என்னைக் கூப்பிட்டவர்கள் அந்தப் பை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.