கொடுப்புக்குள் சிரிப்பு: ‘ஸ்னிகர்’ என்பதற்கு நம்மூர்த் தமிழ்

மட்டக்களப்பின் களுவாஞ்சிகுடியில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் ஒரு சின்னக் கதையைத் தமிழாக்கிவரச் சொன்னேன். வாசிக்கத் தெரியாமல் எழும்பி நின்று தடுமாறும் ஒரு பையனைப் பார்த்து, பின்வாங்கில் இருப்பவன் ‘ஸ்னிகர்’ (snigger) பண்ணுகிற, அதாவது இளக்காரமாய் அடக்கிச் சிரிக்கிற இடம் அதில் வரும். வந்த தாள்களில் பெரும்பாலானவற்றில் “அவன் புன்னகைத்தான்” என்றே இருந்தது. நோகடித்தவன் தமிழில் நல்ல பிள்ளையாகிவிட்டான்.

“உங்கட அம்மம்மா இதை எப்படிச் சொல்லுவா?” என்று கேட்டேன். துறைநீலாவணைப் பிள்ளை ஒருத்தி உதட்டை இறுக்கி மூடி, கன்னம் இரண்டும் உப்ப, மூக்கால் காற்றை மெல்ல விட்டுக் காட்டினாள். “என்ன புள்ள, கொடுப்புக்குள்ள சிரிக்கிறாய் எண்டு கேப்பா, டீச்சர்.”

அதுதான் சொல். கொடுப்பு என்பது கடைவாய்ப் பக்கம், கன்னத்தின் உட்புறம். வெற்றிலையை அதக்கி வைக்கும் இடம். கடைவாய்ப் பல்லைக் கொடுப்புப் பல் என்கிறோம். வள்ளுவர் 1077ஆம் குறளில் தாடையைக் கொடிறு என்கிறார். வெளியே வரப் பார்க்கும் சிரிப்பை அந்தக் கடைவாய்க்குள் அடக்கி வைத்து, பக்கத்தில் இருப்பவனுக்கு மட்டும் தெரியச் சிரிப்பதே கொடுப்புக்குள் சிரிப்பு. அடுத்தவரை இளக்காரம் பண்ணும் குணமும் அதில் சேர்ந்தே இருக்கிறது. ‘ஸ்னிகர்’ கேட்பதும் இவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் ‘ஸ்னிகர்’ ஓசையிலிருந்து வந்த சொல். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ‘ஸ்னிக்கர்’ (snicker) என்று எழுத்தில் வந்து, பின்பு இந்த வடிவமும் எடுத்தது. அவர்களுடைய சிரிப்புச் சொற்களில் பல இப்படி ஒலியைப் பிடித்தவை: ‘கிகிள்’ (giggle), ‘கஃபா’ (guffaw). மெல்லச் சிரிப்பதைச் சொல்லும் ‘சக்கிள்’ (chuckle) கோழி கொக்கரிக்கும் ஒலியை ஒட்டியது. தொல்காப்பியமோ காரணத்தைப் பிடிக்கிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கிலிருந்து நகை பிறக்கும் என்கிறது மெய்ப்பாட்டியல். நம் பேச்சு வழக்கு, சிரிப்பு உடம்பில் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறது. எனக்கு இதுதான் மிகவும் பிடிக்கிறது.

நமட்டுச் சிரிப்பையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். நமட்டுதல் உதட்டை அழுத்திக் கடிப்பது. பத்திரிகைகளில் எல்லாவற்றுக்கும் இதையே போடுகிறார்கள். நான் இதை ‘ஸ்மர்க்’குக்கு (smirk) ஒதுக்குவேன். சத்தமே இல்லாமல், ‘நான் வென்றுவிட்டேன்’ என்று உதட்டில் தெரியும் சிரிப்பு அது. பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்மர்க்’ வெறும் புன்னகைதான். 1300 வாக்கில் ‘ஸ்மைல்’ வந்து அந்த இடத்தைப் பிடிக்க, பழைய சொல் காலப்போக்கில் கெட்ட பெயர் எடுத்தது. உதட்டில் நிற்பது நமட்டு, கடைவாயில் நிற்பது கொடுப்பு.

‘சக்கிள்’ வந்தால் மட்டும் கவனம். அதில் வஞ்சகம் இல்லை. பழைய கடிதத்தை வாசித்து அப்பப்பா மெல்லச் சிரித்தால் “தனக்குள் சிரித்தார்” என்றே எழுதுங்கள். கொடுப்பைக் கொண்டுவந்தால் அந்த மனிதரைக் கெடுத்துவிடுவோம்.

வாய்விட்டுச் சத்தமாய்ச் சிரிக்கும் ‘கஃபா’வுக்குத் தேடவே வேண்டாம்: கெக்கட்டம். விடிய விடிய ஆடும் கூத்தில் ஒரு நல்ல பகிடி விழுந்தால் களரியைச் சுற்றி எழும்புகிறதே, அது. ‘கிறின்’ (grin) இளிப்பு. பழைய ஆங்கிலத்தில் அது நோவிலோ கோபத்திலோ பல்லைக் காட்டுவது. இளித்தலிலும் பல்தான் முன்னுக்கு நிற்கிறது.

‘சோர்ட்டில்’தான் (chortle) கொஞ்சம் சிக்கல். ஆங்கில எழுத்தாளர் லூயிஸ் கரோல் 1871இல் ‘சக்கிள்’ என்பதையும் மூக்கால் சீறும் ‘ஸ்னோர்ட்’ என்பதையும் பிசைந்து உண்டாக்கிய சொல் அது. மகிழ்ச்சி தாங்காமல் மூக்கும் தொண்டையும் சேர்ந்து சிரிப்பது. “கனைத்துச் சிரித்தான்” என்று எழுதிப் பார்த்தேன், பொருந்துகிறது.

அடுத்த வகுப்புக்குத் துறைநீலாவணைப் பிள்ளை தாளைத் திருத்தி எடுத்து வந்தாள். “பின்வாங்கில் இருந்தவன் கொடுப்புக்குள் சிரித்தான்” என்று எழுதி, “பேச்சுத்தமிழ் எண்டு மார்க்ஸ் குறைப்பீங்களா, டீச்சர்?” என்று கேட்டாள். முழுப் புள்ளியும் போட்டுக் கொடுத்தேன்.