தொண்டை வலி, அப்புறம் இதயம்

இதய நோய் என்றதும் எண்ணெய்ப் பலகாரம், தொப்பை, சிகரெட் என்றுதான் மனம் போகிறது. உகாண்டாவில் 10 வயதுப் பையனுக்கு வரும் ருமாட்டிக் இதய நோய்க்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. அது தொண்டை வலியில் தொடங்குவது. ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுத்துறங்கும் வீடுகளில், அந்த வலியைக் கொண்டுவரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா சுலபமாகத் தொற்றும்.

தொண்டை வலி சில நாளில் தானாகவே அடங்கிவிடும். அதற்காக யாரும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடுவதில்லை. சிக்கல் இரண்டு மூன்று வாரம் கழித்து வருகிறது. கிருமியின் மேலுறையில் உள்ள சில புரதங்கள் இதயத் திசுவின் புரதங்களை ஒத்திருக்கின்றன. கிருமியை அடிக்கக் கிளம்பிய நோய் எதிர்ப்பு ஆற்றல், ஆள் தெரியாமல் இதய வால்வையும் அடிக்கிறது. கூடவே காய்ச்சல் வரும். முழங்கால் வீங்கும், அது வடிந்தால் கணுக்கால். மூட்டு வீக்கம் சுவடில்லாமல் போய்விடும், வால்வுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இந்தக் காய்ச்சல் மூட்டை நக்கும், இதயத்தைக் கடிக்கும் என்றார் 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு மருத்துவர் லசேக்.

தொற்று திரும்பத் திரும்ப வர, வால்வில் தழும்பு ஏறுகிறது. இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் மைட்ரல் வால்வு ஒரு கதவு மாதிரி. நன்றாக இருந்தால் 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் திறக்கும். ஓரங்கள் ஒட்டிக்கொண்டு 1.5க்குக் கீழே போனால் ரத்தம் நுரையீரல் பக்கம் தேங்கி மூச்சு வாங்கும். பல பெண்களுக்கு இது கர்ப்பத்தில்தான் தெரிய வருகிறது. அப்போது உடலில் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்டப் பாதி கூடுகிறது, துடிப்பும் வேகமாகிறது. துடிப்பு வேகமானால் வால்வு திறந்திருக்கும் நேரம் குறையும். பிள்ளைத்தாய்ச்சிக்கு மூச்சு வாங்குவது சகஜம்தானே என்று வீட்டில் விட்டுவிட்டால் ஆபத்து.

ஆரம்பத்திலேயே கண்டால், தொற்று திரும்ப வராமல் தடுக்கும் பென்சாத்தின் பென்சிலின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போதும். விலை குறைவுதான். ஆனால் 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, பல வருடம் போட வேண்டும். மருந்து கெட்டியானது, ஊசியை அடைத்துக்கொள்ளும். புட்டத்தில் ஆழமாகக் குத்தினால் பிள்ளைக்கு உட்காரவே வலிக்கும். அறிகுறி எதுவும் இல்லாத, ஆரம்பச் சேதம் மட்டும் உள்ள 818 சிறுவர் சிறுமியரை வைத்து வட உகாண்டாவில் சோதித்தார்கள். 2 வருடத்தில் ஊசி போடாதவர்களில் 8.2 சதவீதம் பேருக்கு நோய் முற்றியது, போட்டவர்களில் 0.8 சதவீதம்தான். இந்த ஆரம்பச் சேதம் பெரும்பாலும் ஸ்டெதஸ்கோப்புக்குக் கேட்காது, ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோவில்தான் தெரியும். அங்கே இதய நிபுணர்கள் சொற்பம். அதனால் கையடக்க எக்கோ கருவியைச் செவிலியர்களுக்கே பழக்கி, பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்க வைக்கிறார்கள்.